அந்த ஒருத்தி வராத செவ்வாய்க்கிழமை

எங்கள் கடை அக்காவின் இடுப்பில் பதினொரு சாவிகள் தொங்கும். அவற்றில் ஒன்பது சாவிகளுக்கு எது எது பூட்டு என்று எனக்குத் தெரியும். மற்ற இரண்டைப் பற்றிக் கேட்டால் அக்காவின் கொழுந்தனார் சிரிப்பார்.

"அதுக்குப் பூட்டே கிடையாது தங்கச்சி. எவனாவது எண்ணிப் பாத்தா குழம்பட்டும்னு மாட்டி வெச்சிருக்காங்க எங்க அண்ணி."

அக்கா அதைக் காதில் வாங்காததுபோல் இருப்பார். இல்லை என்று சொன்னதும் கிடையாது.

சீருடைகளில் வைத்துத் தைக்கும் பெயர்ப்பட்டைகளும் சின்னங்களும் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். பத்தடிக்கு இருபதடி கடை. நடுவில் எம்பிராய்டரி மெஷின், ஓரத்தில் கம்ப்யூட்டர் மேசை. கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால், அது வயர் வழியாக மெஷினுக்குப் போய், ஊசி தானாகத் தைக்கும். துணியை வளையத்தில் இறுக்கி மாட்டுவது, நூல் மாற்றுவது, தைத்து முடித்த பட்டைகளில் பிசிறு வெட்டுவது என் வேலை. வெளியே கொண்டுபோய்க் கொடுப்பது கொழுந்தனார் வேலை. மற்றதெல்லாம் அக்கா.

அக்கா பதினான்கு வருடம் ஒரு சீருடைக் கம்பெனியில் பொத்தான் தைத்தவர். கம்ப்யூட்டரில் எழுத்து வரைய யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தையலையும் ஒரு புள்ளியாக வைத்து, தப்பாக வந்தால் அழித்து, மறுபடி வைத்து, ஒரு வருடத்தில் தானாகவே பழகிக்கொண்டார். அந்த வகையில் அவர் வரைந்த சின்னங்கள் முந்நூறுக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. அவருக்குச் சொத்து என்றால் அதுதான்.

அவர் யாரையும் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒருவர் அங்கே வடிவமைப்பு வேலை பார்த்திருக்கிறார். ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டார். அடுத்த மாதமே பக்கத்துத் தெருவில் அவருடைய கடை திறந்தது. அக்கா ஒரு பள்ளிக்கூடச் சின்னம் வரைந்தபோது, விளக்குச் சுடரின் நுனியில் தவறுதலாக ஒரு தையல் கூடுதலாக விழுந்திருந்தது. யார் கண்ணிலும் படாத ஒரு தையல். பக்கத்துத் தெருக் கடையில் தைத்த சட்டையிலும் அதே சுடர், அதே நுனி, அதே கூடுதல் தையல். அக்கா அந்தச் சட்டையை விலை கொடுத்து வாங்கி வந்து, இன்னும் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து கடைக்குள் பென்டிரைவ் வரக்கூடாது. வாடிக்கையாளர் வைத்திருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டும். இந்த வருடம் அது இன்னும் ஒரு படி மேலே போனது. சட்டை கொடுக்க வந்த ஒருவர், கீழே விழுந்த பேனாவை எடுக்கக் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் குனிந்தார். பேனாதான் விழுந்தது, நானே பார்த்தேன். அக்கா அவர் குனிந்ததைத்தான் பார்த்தார். ஐந்தாம் நாள் தச்சர் ஒரு பலகைப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். மேசைக்கு அடியில் இருந்த சிபியூ அந்தப் பெட்டிக்குள் போனது. வயர்கள் வெளியே வர விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஓட்டை. முன்பக்கம் கதவு, கதவில் பூட்டு. அதுதான் பதினோராவது சாவி.

பெட்டி வந்த மறுநாளே கம்ப்யூட்டர் நின்று போகத் தொடங்கியது.

திரையில் எந்த எழுத்தும் வராது. பட்டென்று கறுத்துவிடும். மெஷினின் ஊசி எழுத்தின் நடுவில் நிற்கும். மறுபடி தொடங்கினால் ஒரு நூலளவு தள்ளித் தைக்கும். எழுத்தின் மேல் எழுத்து ஏறி, பட்டை குப்பைக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் அக்கா எழுந்து சாவியை எடுப்பார்.

"ஏம்மா, அந்தப் பக்கம் திரும்பு."

நான் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பேன். பூட்டு திறக்கும் சத்தம், பொத்தானை அழுத்தும் சத்தம், பூட்டு மாட்டும் சத்தம். அந்தச் சுவரில் நூல் நிறங்களின் அட்டையும் அதற்கு மேலே கடிகாரமும் இருந்தன. ஒரு வாரத்தில் அட்டையில் இருந்த நிறங்களின் எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. பிறகு பார்க்க மிஞ்சியது கடிகாரம்தான். என் நூல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குப் போட்டோம் என்று எழுத ஆரம்பித்தேன். ஏன் எழுதினேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

அக்கா முதலில் பக்கத்துத் தெருக்காரரைச் சந்தேகித்தார். வெளியிலிருந்தே ஏதோ செய்கிறார் என்றார். பிறகு மெக்கானிக் வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முதல்ல இதத் தொறங்கம்மா. இல்லன்னா கடைக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டு நாளைக்குத் தரேன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "அதானே பாத்தேன்" என்றார். மெக்கானிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு மருத்துவமனையிலிருந்து நானூறு பெயர்ப்பட்டைகளுக்கு ஆர்டர் வந்தது. நர்ஸுகளின் பெயர்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் கொடுக்க வேண்டும்.

"இணையத்துல கம்ப்யூட்டர் சந்தேகம் கேக்கற மன்றம் ஒண்ணு இருக்கு அண்ணி" என்றார் கொழுந்தனார். "நம்ம பேர் போட வேண்டாம், ஊர் போட வேண்டாம். தெரிஞ்சவங்க சும்மாவே பதில் சொல்லுவாங்க."

"சும்மா எவன் சொல்லுவான்? அவனுக்கு என்ன லாபம்?"

ஆனாலும் எழுதினார். 'யாரோ' என்று பெயர் வைத்துக்கொண்டார். 'அவசரம்' என்று தலைப்பு. கீழே, 'கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. உடனே சொல்லவும்.' அவ்வளவுதான்.

பதில் எழுதியவர் 'திருப்புளி' என்று பெயர் வைத்திருந்தார். அவர் எழுதியதை அக்கா எங்களுக்குப் படித்துக் காட்டினார். எத்தனை வருடத்துக் கம்ப்யூட்டர், எங்கே வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஓடியபின் நிற்கிறது, நிற்கும்முன் திரையில் ஏதாவது வந்ததா, இந்தத் தொல்லை தொடங்குவதற்கு முன் என்ன மாற்றினீர்கள்.

"பாத்தீங்களா? நான் உதவி கேட்டா இவன் எங்க வெச்சிருக்கேன்னு கேக்கறான்."

"டாக்டர்கிட்ட போயி, எங்க வலிக்குதுன்னு நீங்களே கண்டுபிடிங்கன்னு உக்காந்தா எப்படி அண்ணி?"

"டாக்டர் மூஞ்சி எனக்குத் தெரியும். இவன் மூஞ்சிய நான் பாத்திருக்கனா?"

அக்கா பதில் எழுதினார். 'புதிய கம்ப்யூட்டர். வீட்டில் இருக்கிறது. எதுவும் மாற்றவில்லை.' அது ஐந்து வருடப் பழசு, கடையில் இருக்கிறது, பெட்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று வாக்கியம், மூன்றும் பொய். ஆனால் அவர் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. வாசலில் நிற்கும் ஆளுக்கு முழுக்கதவையும் திறக்க வேண்டியதில்லை என்பதுபோல்தான் அவருக்கு அது.

இரண்டு நாள் கழித்து, சொன்னதை மறந்து, 'எம்பிராய்டரி மெஷின் பாதியில் நிற்கிறது' என்று எழுதிவிட்டார். வேறொருவர், 'வீட்டில் இவ்வளவு பெரிய மெஷினா?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். படம் கேட்டார்கள். அக்கா பாதித் திரையைக் கையால் மறைத்து ஒரு படம் எடுத்துப் போட்டார். 'படத்தில் உங்கள் கட்டைவிரல் தெளிவாக இருக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை' என்று திருப்புளி எழுதினார். கொழுந்தனார் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அக்கா அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

மருத்துவமனை வேலை திங்கட்கிழமை தொடங்கியது. அன்று கம்ப்யூட்டர் ஏழு முறை நின்றது. தேறிய பட்டைகள் நாற்பது.

செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால் நான் லீவு சொல்லியிருந்தேன். கொழுந்தனார் வெளியூருக்குச் சரக்கு கொடுக்கப் போயிருந்தார். அக்கா மட்டும் கடையில்.

புதன்கிழமை காலை நான் உள்ளே போனபோது மேசையில் பட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. எண்ணிப் பார்த்தேன். நூற்று முப்பது. பிசிறுகூட வெட்டியிருந்தது.

"நேத்து ஒரு தடவகூட நிக்கல" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நூல்கண்டை எடுத்து மெஷினில் மாட்டினேன். ஐம்பதாவது நிமிடம் கம்ப்யூட்டர் நின்றது.

"நீ வந்தா நிக்குது. வரலன்னா ஓடுது. இதுக்கு நான் என்னன்னு நினைக்கறது, நீயே சொல்லு."

எனக்கு எப்போதுமே கேள்வி கேட்ட ஆள் போன பிறகுதான் பதில் வரும்.

"போன்னு சொல்லல. சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள என்னன்னு தெரியலன்னா வர வேண்டாம்."

"அண்ணி, அந்தப் புள்ள ஆறடி தள்ளி நின்னு நூல் வெட்டுது. அது எப்படி அணைக்கும்?" என்றார் கொழுந்தனார்.

"அதத்தான் நானும் கேக்கறேன். எப்படி அணைக்கறா?"

எங்கள் தொழிலில் இந்தப் பக்கம் நான்கு கடைகள். நால்வரும் ஒரே இடத்தில்தான் நூல் வாங்குகிறார்கள். மெஷினைக் கெடுத்தவள் என்று ஒரு தடவை பேச்சு கிளம்பிவிட்டால் வேறு எந்தக் கடைப் படியும் நான் ஏற முடியாது. எனக்கு வேறு கைவேலை எதுவும் தெரியாது.

அன்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஒருவேளை அக்காவே அணைக்கிறாரோ? என்னை நிறுத்த ஒரு காரணம் வேண்டுமென்று செய்கிறாரோ? அவர் எழுந்து பெட்டியருகே போகும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பூட்டு, பொத்தான், பூட்டு. வேறு சத்தம் இல்லை. அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்தபடி அன்று நாற்பத்தைந்து பட்டைகள் தைத்தோம். மறுநாளும் நாற்பத்தைந்துதான்.

வியாழக்கிழமை சாயங்காலம், பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து என் போனில் அந்த மன்றத்தைத் தேடிப் பிடித்தேன். 'யாரோ' கடைசியாக எழுதியிருந்தது இதுதான்: 'கடையில் ஒருத்தி இருக்கிறாள். அவள் வராத செவ்வாய்க்கிழமை மட்டும் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. தொடாமலே ஒருவர் கம்ப்யூட்டரைக் கெடுக்க முடியுமா?'

இரண்டு பஸ் போய்விட்டன. என்னைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் படிக்கும் இடத்தில் நான் இருக்கிறேன், பெயர்கூட இல்லாமல், ஒருத்தியாக. அதுவரை நான் எங்கேயும் எதுவும் எழுதியதில்லை. நோட்டில் முதலில் எழுதினேன். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மூன்றாவது முறை எழுதியதைத்தான் போனில் ஏற்றினேன்.

'அந்த ஒருத்தி நான். நூல் மாற்றும் வேலை செய்கிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் ஐந்து வருடப் பழசு, கடையில் இருக்கிறது. திங்கள்: 9.10-க்குப் போட்டோம், 10.02-க்கு நின்றது. 10.06-க்குப் போட்டோம், 10.27-க்கு நின்றது. 10.31-க்குப் போட்டோம், 10.46-க்கு நின்றது. அதற்குப் பிறகும் இப்படியே நின்று நின்று ஓடியது. மதியம் ஒரு மணி நேரம் சும்மா இருந்தது. 2.05-க்குப் போட்டோம், 2.54-க்கு நின்றது. புதனும் வியாழனும் ஏறக்குறைய இப்படியேதான். நிற்கும்முன் உள்ளே ஃபேன் சத்தம் அதிகமாகும். திரையில் எழுத்து எதுவும் வராது. அப்போது கரண்ட் போவதில்லை, விளக்கு எரிகிறது. நான் ஆறடி தூரத்தில் இருப்பேன். எதையாவது விட்டிருந்தால் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.'

விட்டது ஒன்று இருந்தது, பெட்டி. அதை வேண்டுமென்றேதான் விட்டேன். அதனால்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றவுமில்லை. அதற்கும் மேலே, பெட்டி அக்காவின் ரகசியம். அதை வெளியே சொன்னால் அவர் என்னைப் பற்றி நினைப்பது உண்மையாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே நுழைந்தபோது அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கொழுந்தனார் அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீயா எழுதின?"

"ஆமாக்கா."

"யாரக் கேட்டு எழுதின?"

நான் கீழே பார்த்தேன்.

"பெட்டியப் பத்தி எழுதினியா?"

"இல்லக்கா."

அக்கா மறுபடி போனைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடினார். நான் பெட்டியை எழுதவில்லை என்பது அவருக்கு நிம்மதியா, ஏமாற்றமா என்று முகத்தில் தெரியவில்லை.

"அவன் என்ன சொல்லியிருக்கான், அதப் படிங்க அண்ணி" என்றார் கொழுந்தனார்.

அக்கா படித்தார். 'நூல் மாற்றுபவருக்கு நன்றி. இத்தனை நாளில் இந்தக் கேள்விக்கு இப்போதுதான் ஒரு விவரம் வந்திருக்கிறது. ஆறியிருந்தால் ஐம்பது நிமிடம், ஆறாமல் போட்டால் இருபது, அப்புறம் பதினைந்து. இது சூடு. உள்ளே ஃபேன் ஓடியும் சூடு வெளியே போக வழியில்லை. யாரோ என்ற பெயரில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. ஒருத்தி வராததால் கம்ப்யூட்டர் குளிராது. அவர் வரவில்லை என்பதால், தினமும் செய்கிற எதை அன்று நீங்கள் செய்யாமல் விட்டீர்கள்?'

நான் அந்தக் கேள்வியை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நான் அங்கே இல்லை. கொழுந்தனாரும் இல்லை. அக்கா தனியாக இருந்தால் வெளிக் கம்பிக் கதவைப் பூட்டிக்கொள்வார். ஆளே இல்லாத கடையில் யாருக்காகப் பெட்டியைப் பூட்ட வேண்டும்?

அக்காவின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

வழக்கம்போல நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

"திரும்ப வேண்டாம்" என்றார்.

கம்ப்யூட்டரைப் போட்டு, பெட்டியைப் பூட்டி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் வேலையைத் தொடங்கினோம். ஐம்பத்தோராவது நிமிடம் அது நின்றது. உடனே பெட்டியைத் திறந்தார். இத்தனை நாளும் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு உடனே மூடியவர், இந்த முறை கதவை முழுசாகத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். சட்டென்று பின்னால் வந்தார். இஸ்திரிப் பெட்டிக்கு எதிரே குனிந்தவர்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு யாருமில்லன்னு தொறந்தே வெச்சிருந்தேன்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

கொழுந்தனார் வாயைத் திறந்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிறகு மெல்ல, "மெக்கானிக்கும் அதத்தானே சொன்னாரு, மொதல்ல தொறங்கன்னு" என்றார்.

"நீ போய் பாக்ஸக் கட்டு."

அரைமணி நேரம் ஆறவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டார். பெட்டியின் கதவு திறந்தே இருந்தது. அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அதற்குச் சரியாக முன்னால் போட்டு, சிபியூவுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கதவு இருந்த இடத்தில் இப்போது அவர் இருந்தார்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. காத்த நீங்களும் மறைக்கறீங்க."

நாற்காலி ஒரு முழம் நகர்ந்தது.

அன்று கம்ப்யூட்டர் அதற்குப்பிறகு நிற்கவில்லை. சனிக்கிழமையும் நிற்கவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடைசிப் பட்டையில் பிசிறு வெட்டி நானூறையும் கட்டினோம். கொழுந்தனார் கொண்டுபோனார்.

கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சனிக்கிழமை வந்துவிட்டது. திங்கட்கிழமை வரலாமா என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல், துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இங்க வா. இந்தா போன். நீ எழுதினாதான் அவனுக்குப் புரியுது. நான் சொல்றத எழுது."

வேறு நாற்காலி இல்லை. நின்றபடியே எழுதினேன். அக்கா ஒவ்வொரு வாக்கியமாக யோசித்துச் சொன்னார். கம்ப்யூட்டர் பழசு. கடையில் இருக்கிறது. பலகைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பூட்டவில்லை. இப்போது திறந்து வைத்தபின் நிற்கவில்லை. இதே தொல்லை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளவும்.

"பெட்டின்னு போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்க்கா."

"சரி, இருக்கட்டும். இனிமே இப்படியே பூட்டப் போறதில்லையே." மடியில் ஒட்டியிருந்த ஒரு பிசிறை எடுத்துப் போட்டார். "முன்னாடி ஒருத்தின்னு ஒண்ணு எழுதியிருந்தேன். அத அழிக்க முடியுமா?"

தேடிப் பார்த்தேன். ஒரு நாள் ஆனபிறகு அழிக்க விடமாட்டார்கள்.

"முடியாதாம்க்கா."

"அப்போ கீழ எழுது. அந்த ஒருத்தி மேல தப்பு இல்ல. தப்பா நினைச்சுட்டேன்."

என் விரல் நின்றுவிட்டது.

"என்ன பாக்கற? எழுது. திங்கக்கிழமை சீக்கிரம் வா, தச்சர் வராரு, பெட்டியில நாலு பக்கமும் ஓட்டை போடணும். பென்டிரைவ் நுழையாத அளவுக்குச் சின்னதா."

எழுதினேன். அனுப்பினேன்.

"இந்தத் திருப்புளி யாரா இருக்கும்?" என்றார் அக்கா. "நேர்ல பாக்காம இவ்வளவு சொல்றானே. அந்த மெக்கானிக்கா இருப்பானோ?"

"தெரியலக்கா."

அவர் போனை என்னிடமிருந்து வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதியதை முதலிலிருந்து மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார், அவர் சொல்லாத ஏதாவது ஒரு வார்த்தையை நான் நடுவில் சேர்த்திருக்கிறேனா என்று.